எட்டாம் வகுப்பை எங்கே அழைத்துப் போகலாம்? கடல் இருந்த ஊருக்கு ஒரு நாள்

சமயபுரம் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கும் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார். எட்டாம் வகுப்பில் 42 பிள்ளைகள். கையில் இருப்பது ஒரு நாள், ஒரு பஸ். கோளரங்கம், ஸ்ரீரங்கம் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, முக்கொம்பு, கல்லணை ஆகிய நான்கையும் அந்த ஒரே நாளில் காட்டிவிடலாம் என்று பள்ளியில் பேச்சு. "பிள்ளைகள் சந்தோஷமாக இருக்க வேண்டும், அறிவியலும் கொஞ்சம் மனதில் ஏற வேண்டும். எப்படித் திட்டமிடுவது?" என்பது அவருடைய கேள்வி.

நான் பெரம்பலூர் வட்டாரத்துப் பள்ளிகளில் 27 ஆண்டுகள் அறிவியல் எடுத்தவன். அநேகமாக ஒவ்வொரு வருடமும் ஏதாவது ஒரு வகுப்பை வெளியே அழைத்துப் போயிருக்கிறேன். அந்த அனுபவத்தில் முதலில் சொல்வது: நான்கு இடம் வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 42 பிள்ளைகள் பஸ்ஸிலிருந்து இறங்கி, வரிசையில் நின்று, எண்ணிக்கை சரிபார்த்து உள்ளே போக ஒவ்வோர் இடத்திலும் இருபது நிமிடம். திரும்ப ஏற இன்னொரு இருபது. சாப்பாடு, கழிப்பறை, ரோட்டில் போகும் நேரம் எல்லாம் கழித்தால் ஓர் இடத்துக்கு முக்கால் மணி நேரம் தேறினால் பெரிது. முக்கால் மணி நேரத்தில் ஒரு பிள்ளைக்கு ஒரு கேள்வி தோன்றி, அதைப் பக்கத்தில் இருப்பவனிடம் சொல்லி, அவன் மறுத்து, இருவரும் குனிந்து மறுபடி பார்க்க நேரம் இருக்காது. என் முதல் பயணத்தில் நான் ஐந்து இடம் வைத்தேன். மறுநாள் வகுப்பில் "என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டதற்கு வந்த பதில்களில் பாதி, வழியில் சாப்பிட்ட ஹோட்டலைப் பற்றி. பிள்ளைகள்மேல் குற்றமில்லை. அந்த நாளில் அவர்கள் நிதானமாக உட்கார்ந்த ஒரே இடம் அதுதான்.

நீங்கள் சொன்ன நான்கில் எதுவும் மோசமான இடமில்லை. கோளரங்கத்தை, அண்டம் பற்றிய பாடம் நடக்கும் வாரத்தில் அரை நாளாகத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்கு மழை முடிந்த கையோடு, காலையில் வெயில் ஏறும் நேரத்தில் போக வேண்டும். அதற்கும் தனி நாள்.

உங்கள் பள்ளியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் போகக்கூடிய இடங்களில், உலகத்துப் புவியியலாளர்கள் தேடி வரும் ஓர் இடம் இருக்கிறது. பெரம்பலூர் மாவட்டத்துக் காரை. அதோடு சேர்த்து அதே மாவட்டத்தில் சாத்தனூர் கல்மரப் பூங்கா. இரண்டு இடம்தான், ஆனால் கேள்வி ஒன்றே ஒன்று: கடல் எதுவரை வந்தது?

சமயபுரத்திலிருந்து சென்னை நெடுஞ்சாலையில் பாடாலூர் போய், கிழக்கே திரும்பி ஊட்டத்தூர் வழியாகப் போனால் காரை வந்துவிடும். வழியெல்லாம் பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம். திடீரென்று பயிர்ப் பச்சை நின்று, செம்மஞ்சளும் சாம்பலுமாக, மழைநீர் அரித்து அரித்துப் பள்ளமும் முகடுமாகக் கிடக்கும் நிலம் தொடங்கும். புல்கூட அங்கங்கேதான். முதல்முறை பார்க்கும் பிள்ளைகள் பஸ்ஸிலேயே எழுந்து நின்றுவிடுவார்கள்.

அந்த நிலம் முழுக்கக் களிமண். சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு கடலடியில் படிந்த சேறு. அப்போது இந்தியா இங்கே இல்லை. அண்டார்டிகாவையும் ஆஸ்திரேலியாவையும் விட்டுப் பிரிந்து, மடகாஸ்கரை இன்னும் ஒட்டிக்கொண்டு, பூமத்திய ரேகைக்குத் தெற்கே எங்கோ இருந்தது. நிலம் பிரிந்தபோது கிழக்கு ஓரம் பிளந்து தாழ்ந்தது. அந்தத் தாழ்விடத்துக்குள் கடல் நுழைந்தது. இன்றைய காவிரிப் படுகையின் பிறப்பு அது. ஊட்டத்தூர், அரியலூர், செந்துறை என்று இன்றைக்கு நாம் பெயர் சொல்லும் ஊர்கள் இருக்கும் இடத்தில் எல்லாம் அந்தக் கடல் ஏறியும் இறங்கியும் பல கோடி ஆண்டுகள் இருந்தது. இன்று காரையிலிருந்து கிழக்குக் கடற்கரைக்குச் சுமார் நூறு கிலோமீட்டர்.

1860களிலேயே இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஹென்றி பிளான்ஃபோர்டு இந்தப் பகுதியை நடந்து ஆராய்ந்து, பாறைகளை ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். அந்தப் பெயர்கள் இன்றும் உலகமெங்கும் புழக்கத்தில் இருக்கின்றன. பஸ் ஊட்டத்தூரைக் கடக்கும்போது இதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். தங்கள் பக்கத்து ஊரின் பெயரை ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் இருக்கும் ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது. இங்கே கிடைத்த சிப்பி, அம்மோனைட் (சுருள் ஓடு கொண்ட பழைய கடல் உயிர்) வகைகளை ஒவ்வொன்றாக வரைந்து பெயரிட்டு நூல்களாக வெளியிட்டவர் அதே துறையின் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. 36 வயதில், 1874இல், லடாக் பக்கம் ஓர் ஆய்வுப் பயணத்தில் இறந்துபோனார். அவ்வளவு குறுகிய வாழ்நாளில் அவ்வளவு வேலை எப்படி முடிந்தது என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

சரி, போவதற்கு முன் வகுப்பில் ஒரு வாரம் தயாரிப்பு வேண்டும். இதைத் தவிர்த்தால் காரை வெறும் மண்மேடாகத்தான் தெரியும். நான் செய்த மூன்று வேலைகளைச் சொல்கிறேன். எதற்கும் பெரிய செலவில்லை.

முதலாவது, கயிறு. 46 மீட்டர் கயிறு ஒன்று வாங்கி, மீட்டருக்கு ஒரு துணி முடிச்சுப் போட்டு, விளையாட்டு மைதானத்தில் நீட்டிக் கட்டுங்கள். பூமியின் வயது 460 கோடி ஆண்டு. ஒரு மீட்டர் பத்துக் கோடி ஆண்டு, ஒரு சென்டிமீட்டர் பத்து லட்சம் ஆண்டு. ஒரு முனை பூமி பிறந்த நாள், மறுமுனை இன்று. இன்றிலிருந்து பின்னோக்கி நடக்கச் சொல்லுங்கள். நம் மனித இனம் தோன்றியது 3 மில்லிமீட்டரில். டைனோசர்கள் அழிந்தது 66 சென்டிமீட்டரில். காரைக் கடல் ஏறத்தாழ ஒரு மீட்டரில். முதல் டைனோசர்கள் இரண்டே கால் மீட்டர் தாண்டி. உயிரின் மிகப் பழைய தடயங்களுக்கு 35 மீட்டர் நடக்க வேண்டும். அப்புறம் பிள்ளைகளே கேட்பார்கள், "தஞ்சாவூர் பெரிய கோயில் எங்கே வரும்?" என்று. ஆயிரம் ஆண்டு என்பது இந்தக் கயிற்றில் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. தலைமுடி ஒன்றை எடுத்துக் காட்டி, இதைவிட மெல்லிசு என்று சொல்லிவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். அந்த மௌனத்தை நீங்கள் எதையும் சொல்லி நிரப்ப வேண்டியதில்லை.

இரண்டாவது, பாட்டில். உங்கள் பள்ளி மைதானத்து மண்ணில் ஒரு கைப்பிடி, ஆற்று மணல் ஒரு கைப்பிடி, வயல் களி கொஞ்சம். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீரோடு போட்டுக் குலுக்கி மேசைமேல் வையுங்கள். மணல் ஒரு நிமிடத்துக்குள் கீழே இறங்கும். வண்டல் அடுத்து. களிமண் மறுநாளும் தண்ணீரைக் கலங்கலாகவே வைத்திருக்கும். அப்படியானால் களி படிய வேண்டுமென்றால் தண்ணீர் எப்படி இருக்க வேண்டும்? அலையும் ஓட்டமும் இல்லாமல் அமைதியாக, கரையை விட்டுத் தள்ளி, ஆழமாக. இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் போதும். காரையில் களியைப் பார்த்ததும், சாத்தனூரில் மணற்பாறையைப் பார்த்ததும் எது கரைக்குப் பக்கம், எது தூரம் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

மூன்றாவது, நாட்டு மருந்துக் கடைக்குப் போய்க் "கடல்நுரை" என்று கேட்டு வாங்கி வாருங்கள். அது நுரை இல்லை, கணவாய் மீனின் உள் ஓடு. பிள்ளைகள் அதைக் கையில் வைத்துப் பார்க்கட்டும். வழவழவென்ற மெல்லுடலுக்குள் இப்படி ஒரு சுண்ணாம்புத் துண்டு இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளட்டும். காரையில் தரையெங்கும் கிடக்கும் பெலம்னைட்டைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. பெலம்னைட் என்பது கணவாய்க்குத் தூரத்து உறவான ஒரு பழைய கடல் உயிர். அதன் உடலின் பின்முனையில் இருந்த கூரான சுண்ணாம்புக் குச்சி மட்டும் மிஞ்சிக் கல்லாகிக் கிடக்கிறது. பென்சில் துண்டு போல, துப்பாக்கித் தோட்டா போல இருக்கும். "இங்கே சண்டை நடந்ததா சார்?" என்று ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. தோட்டா என்றால் உலோகம், இது உலோகமா என்று திருப்பிக் கேட்டேன். பத்து நிமிடத்தில் அவனே, உடைந்த ஒரு துண்டின் உள்ளே நடுவிலிருந்து ஓரத்துக்குக் கதிர் மாதிரி கோடு ஓடுவதைக் கண்டுபிடித்து வந்து காட்டினான்.

காரையில் இறங்கியதும் நீங்கள் எதுவும் விளக்க வேண்டாம். இது மிகவும் கஷ்டம், தெரியும். நமக்குத் தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பதுதான் ஆசிரியருக்கு வெளியூர்ப் பயணத்தில் இருக்கும் பெரிய சோதனை. ஆறு ஆறு பேராக ஏழு குழு. ஒவ்வொரு குழுவுக்கும் எட்டு மீட்டர் கயிறு, நான்கு குச்சி. இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் சதுரம் கட்டிக்கொள்ளட்டும். அதற்குள் இருப்பதை எல்லாம் எண்ண வேண்டும், வரைய வேண்டும். பெயர் தெரியாவிட்டால் அவர்களே ஒரு பெயர் வைத்துக்கொள்ளலாம்: பென்சில் கல், கண்ணாடிக் கல், சுருள் கல். ஒரு மணி நேரம். குனிந்து, உட்கார்ந்து, மண்ணோடு மண்ணாக. நடந்துகொண்டே பார்ப்பவர்களுக்குக் காரை எதையும் காட்டாது.

என்னென்ன கிடைக்கும்? பெலம்னைட் நிச்சயம். அம்மோனைட் துண்டுகள் அதிர்ஷ்டம் இருந்தால். ஆட்டுக்கொம்பு சுருண்டதுபோல் இருக்கும். கணவாய்க்கும் ஆக்டோபஸுக்கும் உறவான உயிர், ஆனால் வெளியே ஓடு. அந்த ஓடு அறை அறையாகப் பிரிந்திருக்கும். கடைசி அறையில்தான் உயிர் குடியிருந்தது. மற்ற அறைகளில் காற்று. அவற்றில் இருக்கும் நீரின் அளவைக் கூட்டிக் குறைத்து மிதந்துகொண்டிருந்தது. டைனோசர்கள் அழிந்த அதே காலத்தில், 6.6 கோடி ஆண்டுக்கு முன், அம்மோனைட்டும் ஒன்று மிச்சமில்லாமல் போனது. வீட்டுப் பூஜையறையில் சாளக்கிராமம் வைத்திருக்கும் பிள்ளை யாராவது வகுப்பில் இருந்தால், நேபாளத்துக் கண்டகி நதியில் கிடைக்கும் அந்தக் கற்களில் பல அம்மோனைட்டுகள்தான் என்று மரியாதையோடு சொல்லுங்கள். இமயமலை இருக்கும் இடத்திலும் ஒரு காலத்தில் கடல் இருந்தது என்ற அடுத்த கதை அங்கே தொடங்கும்.

பளபளவென்று கண்ணாடித் தகடு மாதிரி மின்னுவது ஜிப்சம். மண்ணின் வெடிப்புகளில் நரம்பு நரம்பாக ஓடும். நகத்தால் கீறிப் பார்க்கச் சொல்லுங்கள், கீறல் விழும். நகத்தால் கீறக்கூடிய கனிமங்கள் குறைவு. ஒரு வருடம் இதைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற ஒரு பெண்பிள்ளை, "ஜிப்சமா? கடலைக்கு மண் அணைக்கும்போது அப்பா போடுவாரே, அதுவா?" என்றாள். அதுதான். நிலக்கடலையின் காய் திரட்சியாவதற்குச் சுண்ணாம்புச் சத்தும் கந்தகமும் வேண்டும், இரண்டும் ஜிப்சத்தில் இருக்கின்றன. அன்று மதியம்வரை அந்தப் பெண்தான் குழுவுக்குத் தலைவி. படிப்பில் பின்வரிசையில் இருந்த பிள்ளை அவள். வயலில் வேலை பார்த்துப் பழகிய பிள்ளைகளுக்கு இந்த மாதிரி இடங்களில் தெரிந்த விஷயம் மற்றவர்களைவிட அதிகம். அதற்கு இடம் கொடுப்பதற்காகவாவது வகுப்பறையை விட்டு வெளியே போக வேண்டும் என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது.

உருண்டை உருண்டையாகப் பழுப்புக் கற்களும் கிடக்கும். பாஸ்பேட் உருண்டைகள். சில முட்டை மாதிரியே இருக்கும். "டைனோசர் முட்டை!" என்று கூச்சல் வரும், எதிர்பாருங்கள். அப்போது ஒரு நிஜக் கதை சொல்லலாம். 2020 அக்டோபரில் இதே பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் குளம் வெட்டும்போது பெரிய பெரிய உருண்டைக் கற்கள் வந்தன. டைனோசர் முட்டை என்று செய்தி பரவி, ஊரே திரண்டது. புவியியலாளர்கள் வந்து பார்த்துவிட்டு, அவை முட்டையல்ல, கடல் படிவுகளில் உருவான உருண்டைகள் என்றார்கள். ஆனால் 2009இல் அரியலூர் மாவட்டம் செந்துறைப் பக்கம் சேலம் பெரியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உண்மையிலேயே டைனோசர் முட்டைக் கூடுகளைக் கண்டதாக அறிவித்தார்கள். ஒன்று முட்டை, இன்னொன்று வெறும் உருண்டை என்று எப்படி முடிவு செய்வது? ஓடு இருக்கிறதா, ஓட்டில் நுண்துளைகள் இருக்கின்றனவா, கூட்டமாகக் கிடக்கிறதா, அந்த மண் கரையில் படிந்ததா ஆழ்கடலில் படிந்ததா? டைனோசர் கடலடியில் முட்டையிடாது. இந்தக் கடைசிக் கேள்வியைப் பிள்ளைகளே கேட்டுவிட்டால், உங்கள் பயணம் அங்கேயே பலித்துவிட்டது.

பத்து மணிக்குள் எல்லோரையும் ஒரு முகட்டில் உட்கார வைத்து, ஏழு குழுவும் தங்கள் சதுரத்தில் இருந்ததைச் சொல்லட்டும். ஒரு குழுவுக்கு 14 பென்சில் கல், இன்னொரு குழுவுக்கு ஒன்றுமே இல்லை. ஒன்றுமில்லாத குழு வருத்தப்படும். அவர்கள் சொல்வதும் சம மதிப்புள்ள தகவல் என்று சொல்லி, பலகையில் பூஜ்யம் எழுதுங்கள். பிறகு ஒரு கேள்வி: இங்கே நெல் ஏன் விளையவில்லை? ஒரு பாட்டில் தண்ணீரைச் சரிவில் ஊற்றிக் காட்டுங்கள். நீர் உள்ளே இறங்காமல் மண்ணையும் இழுத்துக்கொண்டு ஓடும். வேர் பிடிக்க விதைக்கு நேரமே கிடைப்பதில்லை. அவர்கள் நின்றுகொண்டிருக்கும் பெரிய பள்ளங்களும் இதே வேலையால் உண்டானவைதான், பல மழைக்காலங்களில்.

அங்கிருந்து சாத்தனூர். கிராமச் சாலை, முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வேலி போட்ட பூங்காவுக்குள் நீட்டிப் படுத்திருக்கிறது ஒரு மரம். 18 மீட்டர் நீளம், முழுக்கக் கல். 1940இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம்.எஸ். கிருஷ்ணன் இதை முதன்முதலில் உலகுக்குத் தெரிவித்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். பின்னாளில் அந்தத் துறைக்கு இயக்குநரான முதல் இந்தியர். மரத்தின் வயது சுமார் 12 கோடி ஆண்டு என்று சொல்லப்படுகிறது. பூக்கும் தாவரங்கள் உலகை நிறைப்பதற்கு முந்தைய காலத்து ஊசியிலை இனம். அதாவது மா, பலா, வேம்பு எதுவும் இல்லாத காட்டின் மரம்.

மரம் எப்படிக் கல்லாகும்? பிள்ளைகள் பெரும்பாலும் "காய்ந்து இறுகிக் கல்லாகிவிட்டது" என்றுதான் நினைக்கிறார்கள். காய்ந்த மரம் கல்லாகாது, கரையான் தின்னும். ஆறு அடித்து வந்த மரம் கரையோரக் கடலில் மூழ்கி, அதன்மேல் மணலும் சேறும் வேகமாகப் படிந்தது. காற்று போகாத இடத்தில் மக்குவது மெதுவாகிவிடும். மணலின் ஊடே ஊறிய நீரில் கரைந்திருந்த சிலிக்கா (மணலில் இருக்கும் அதே பொருள்), மரத்தின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நுழைந்து இறுகியது. மரப்பொருள் போகப் போக அந்த இடத்தைச் சிலிக்கா பிடித்துக்கொண்டது. அதனால்தான் வெளித்தோற்றம் அப்படியே மரமாகவே இருக்கிறது, தொட்டால் கல். வகுப்பில் பஞ்சுத் துண்டு ஒன்றை உப்பு நீரில் ஊறவைத்துக் காயவைத்து, மறுபடி ஊறவைத்து நான்கு நாள் செய்துகாட்டினால் ஓரளவு விளங்கும். பஞ்சு விறைத்து நிற்கும்.

இப்போது காலைக் கேள்விக்கு வாருங்கள். காரையில் களி. இங்கே மணற்பாறை. காரையில் ஆழ்நீர் உயிர்கள், இங்கே ஆறு கொண்டுவந்து சேர்த்த மரம். கடல் எதுவரை வந்தது, கரை எங்கே இருந்தது என்று ஒவ்வொரு பிள்ளையும் நோட்டில் ஒரு படம் வரையட்டும். ஒரு முக்கியமான திருத்தம் நீங்கள் தர வேண்டியிருக்கும்: இரண்டு இடத்துப் பாறைகளும் ஒரே வயதில்லை. கடல் ஏறியது, இறங்கியது, கரையும் இடம் மாறியது. ஆகவே ஒரே கோடு போட்டால் போதாது. ஒரு பையன் "அப்போ நிறையக் கரை வரையணுமா சார்?" என்றான். ஆமாம், நிறைய.

பள்ளிக்குத் திரும்பியபின் சிமென்ட் பற்றி ஒரு வகுப்பு எடுங்கள். அரியலூரைச் சுற்றி அத்தனை சிமென்ட் ஆலை ஏன்? அந்தக் கடலில் வாழ்ந்த சிப்பிகள் அடுக்கடுக்காகப் படிந்து சுண்ணாம்புக்கல் ஆகியிருப்பதால். கல்லங்குறிச்சிப் பக்கத்துச் சுரங்கங்களில் சிப்பிகளைக் கண்ணாலேயே பார்க்கலாம். அதை அரைத்துக் களியோடு சேர்த்துச் சூளையில் சுட்டு, கடைசியில் கொஞ்சம் ஜிப்சம் கலந்தால் சிமென்ட். சீக்கிரம் இறுகிவிடாமல் இருக்கத்தான் அந்த ஜிப்சம். உங்கள் பள்ளிக் கட்டடச் சுவரிலும் டைனோசர் காலத்துச் சிப்பி இருக்கக்கூடும் என்றால் நம்ப மாட்டார்கள். சிமென்ட் ஆலைக்குப் போகும் சுண்ணாம்புக்கல்லில் ஒரு சிறு துண்டு கிடைத்தால், பொடித்து எலுமிச்சைச் சாறு விட்டுக் காட்டுங்கள், நுரை வரும். புதைபடிவத்தின்மேல் இந்தச் சோதனை வேண்டவே வேண்டாம்.

அங்கே கிடைப்பதை எடுத்து வரலாமா என்று கட்டாயம் கேட்பார்கள். வேண்டாம் என்பது என் கறாரான பதில். எங்கள் பிள்ளைகள் ஒரு வருடம் பை நிறைய அள்ளி வந்தார்கள், நானும் தடுக்கவில்லை. பொங்கல் விடுமுறை முடிந்து பார்த்தால் பாதி வராண்டா மூலையில் கிடந்தது. எது எந்த இடத்தில், எந்த அடுக்கில் கிடந்தது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. எந்த அடுக்கில் எந்த அம்மோனைட் என்பதை வைத்துத்தான் அந்த அடுக்கின் வயதையே ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். இடம் தெரியாத புதைபடிவத்தால் யாருக்கும் பயனில்லை. பக்கத்தில் ஒரு ஸ்கேலையோ ஐந்து ரூபாய் நாணயத்தையோ வைத்துப் படம் எடுத்துக்கொண்டு, கல்லை அது இருந்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். நல்ல மாதிரிகளைக் கிட்டத்தில் பார்க்க அரியலூர் அருகே வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. அன்று மழை பிடித்துக்கொண்டால் காரைக்குப் பதில் அங்கே போகலாம்.

மழை என்றதும் பாதுகாப்பு. காரையில் நிழல் கிடையாது. தை, மாசி நல்ல மாதம். பங்குனிக்குப் பிறகு நினைக்கவே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழை புதிதாக அரித்துக் கொடுத்தபின் போனால் நிறையக் கிடைக்கும், ஆனால் மழைக்கு மறுநாள் போகாதீர்கள். ஈரக் களி வழுக்கும், பள்ளத்தின் ஓரம் உடையும். முகட்டின் விளிம்பிலிருந்து இரண்டடி தள்ளியே நிற்க வேண்டும் என்பது விதி. பிள்ளைக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தலைக்குத் துண்டோ தொப்பியோ, காலுக்கு ஷூ. கல்லைக் கையால் புரட்டக் கூடாது, குச்சியால் புரட்டலாம். தேள் இருக்கும். சீமைக்கருவேலப் புதருக்குள் கை விடக் கூடாது. அந்த வறண்ட நிலத்தில் விரியன் பாம்பு உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் எது என்று முன்பே தெரிந்துகொண்டு, பாம்புக்கடிக்கு மருந்து எந்த மருத்துவமனையில் இருக்கிறது என்றும் விசாரித்து வையுங்கள்.

இதைவிட அதிகம் மறந்துபோகிற விஷயம் கழிப்பறை. அந்தப் பொட்டலில் பெண்பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு இருப்பார்கள், வெயிலில் மயங்கி விழுவார்கள். ஊரிலிருக்கும் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே பேசி, அங்கே கழிப்பறையைப் பயன்படுத்த அனுமதி வாங்குங்கள். கூட வரும் ஆசிரியர்களில் குறைந்தது இருவர் பெண்களாக இருக்கட்டும். நடக்கச் சிரமப்படும் பிள்ளை இருந்தால் அவரை விட்டுவிட்டுப் போகாதீர்கள். சாத்தனூர் பூங்கா சமதரை. காரையில் சாலையோரமாகவே ஒரு சதுரம் கட்டி, அந்தக் குழுவை அங்கே உட்கார வைக்கலாம். ஓரத்திலும் பெலம்னைட் கிடக்கும். பெற்றோர் ஒப்புதல் கடிதம், மேலதிகாரியின் முன் அனுமதி, பஸ்ஸின் தகுதிச் சான்று எல்லாம் நீங்கள் வழக்கமாகச் செய்வதுதான், அதில் நான் சொல்ல ஒன்றும் இல்லை.

பஸ்ஸுக்கே பணமில்லை என்று ஒரு நிலை வந்தாலும் பயணத்தைக் கைவிடாதீர்கள். உங்கள் ஊர் ஏரிக்கு நடந்தே போகலாம். அதே கயிற்றுச் சதுரம், அதே ஒரு மணி நேரம். நத்தை ஓடு எத்தனை, எந்த ஓரத்தில் களி, எந்த ஓரத்தில் மணல், கொக்கு எந்தப் பக்கம் நிற்கிறது, ஏன் என்று பார்க்கலாம். காரையில் பத்துக் கோடி ஆண்டுக்கு முன் நடந்தது இன்றைக்கு அந்த ஏரியில் சின்ன அளவில் நடந்துகொண்டிருக்கிறது. இரண்டையும் பார்க்க முடிந்தால், ஏரிக்கு முதலில் போங்கள்.

தேதி குறிக்கும் முன் ஒரு வேலை பாக்கி. பிள்ளைகளை அழைத்துப் போவதற்கு முன் நீங்கள் ஒருமுறை தனியாகப் போய்வர வேண்டும். சக ஆசிரியை ஒருவரைச் சேர்த்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை விடியலில் வண்டியில் கிளம்பினால், மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். பஸ் எங்கே நிற்கும், ஏழு சதுரம் எங்கே கட்டலாம், எந்த முகட்டில் 42 பேர் உட்கார முடியும் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பெரியவர்களிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, எந்தத் தேதியில் பிள்ளைகளோடு வரப்போகிறீர்கள் என்றும் சொல்லிவிட்டு வாருங்கள். அப்படியே ஓர் இடத்தில் அரை மணி நேரம் குந்தி உட்கார்ந்து, உங்களுக்கென்று ஒரு சதுரத்தை எண்ணிப் பாருங்கள்.